நுரைக்கு விட்ட எண்ணெய்

கரியாலூர், கல்வராயன்மலை
9.5.2025

கந்தசாமி மவன் கவியரசனுக்கு நைனார்பாளையம் வேடியப்பன் எழுத வெச்சது.

சௌக்கியமான்னு கேக்கப் போறதில்ல. சௌக்கியமா இருக்கக் கூடாதுன்னுதான வெட்டினேன்.

எனக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல மனு எழுதிக் குடுக்கற தெய்வசிகாமணிதான் எழுதறான். எடுத்ததும் அனுப்புநர், பெறுநர்னு ஆரம்பிச்சான். அடிச்சிப் போடுன்னேன். எதிராளிக்கு லெட்டர் போட்டா ஜாமீன் போயிடும் பெரியவரேன்னு பயமுறுத்தறான். போவட்டும். கெட்ட வார்த்தை மட்டும் எழுத மாட்டானாம். அந்த எடத்துல கோடு போடச் சொல்லியிருக்கேன். இன்னா வார்த்தைன்னு நீயே ரொப்பிக்கோ.

மலையை வுட்டு எறங்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. அறுபது நாளு, தெனம் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன் நோட்டுல இடது பெருவிரல் ரேகை. இன்னிக்கு அஞ்சாவது நாள். அறுபது முடிஞ்ச மறுநாள் மொத பஸ்ஸுல எறங்குவேன். கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, அப்பால உளுந்தூர்பேட்டை. வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள உன் வாசல்ல நிப்பேன். வலது கையை முடிச்சிட்டேன். இடது கை பாக்கி.

நீ மறந்திருப்ப. நான் மறக்கல. மார்கழி பன்னெண்டு, வெள்ளிக்கிழமை. என் பொண்ணு கலையரசி பெத்த ஒத்தப் புள்ள சந்தோஷ், இருபது வயசு, பாலிடெக்னிக் கடைசி வருஷம், நடு வூட்ல உக்காந்துக்கினு மூச்சுக்குத் தவிச்சான். பத்து நாளா இருமல், ஜொரம். அன்னிக்கு விடியக்கால வாயோரம் நுரை, உதடு நாவப்பழக் கலரு. கழுத்துக் குழி உள்ள போயிப் போயி வந்துச்சி. கலையரசி தண்ணிக்குப் போயிருந்தா. என் கையால வைத்தியம் பண்ணேன். அதுலதான் ஆம்புலன்ஸ் வர்ற மட்டும் உசுரு நின்னுச்சி. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில மூச்சு மெஷினைக் கழட்டிட்டாங்க.

அவன் தலகாணி அடியில பேனா கணக்கா ஒரு குழாய். பத்த வெக்காம புகை இழுக்கற குழாய். உன் செல்போன் கடையில வாங்கினதுன்னு அவன் கூட்டாளிங்க சொன்னானுங்க. டாக்டரு அதைக் கையில வெச்சிக்கினு, இதுல இருந்த எண்ணெதான் பெரியவரே நெஞ்சுல போயிருக்குன்னாரு. அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

பதினோரு நாள் கழிச்சி வந்தேன். கரும்பு வெட்டற கத்தி. உங்கப்பனும் நானும் முப்பது வருஷம் அதுலதான் கரும்பு சீவினோம், ஒரே ஆலைக் கொட்டாயில வெல்லம் காய்ச்சினோம். நீ குனிஞ்சி யாருக்கோ போன் காட்டிக்கினு இருந்த. கழுத்துக்குத்தான் வீசினேன். நீ கையைக் குடுத்துட்ட.

அடுத்த வாட்டி கையைக் குடுக்காத.

வேடியப்பன்
(இடது பெருவிரல் ரேகை)


உளுந்தூர்பேட்டை
19.5.2025

பெரியப்பாவுக்கு,

எழுத்து கோணலா இருக்கும். இடது கையில எழுதறேன். ரெண்டாங்கிளாஸ் பையன் எழுத்து மாதிரி இருக்குதுன்னு என் சம்சாரம் சிரிச்சா. அப்புறம் சமையல்கட்டுல போய் அழுதா. இந்த ஒரு பக்கம் எழுத மூணு நாள் ஆச்சு.

நீங்க சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு. ஒரு வெட்டு இல்ல, மூணு. முதல் வெட்டுல பெருவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல்ல பாதி. கண்ணாடி மேஜை மேல விழுந்துது. கீழ கலர் கலரா போன் கவரு, மேல என் விரலு. துடிச்சுது பெரியப்பா, பல்லி வால் மாதிரி. நான் அதையேதான் பார்த்துட்டு நின்னேன். வலியே தெரியல. ரெண்டாவது வெட்டு தோள்பட்டை. மூணாவது நான் கீழ விழுந்தப்புறம், முதுகுல. பெரியப்பா பெரியப்பான்னு கத்தினேன். நீங்க என் மூஞ்சியப் பார்க்கவே இல்ல. வெட்ட வேண்டிய கரும்பைப் பார்க்கற மாதிரி உடம்பை மட்டும் பார்த்தீங்க. பக்கத்து ஜூஸ் கடைக்காரர்தான் விரலை ஐஸ் பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்தார். ஒட்டல.

உங்க லெட்டரைப் போலீஸ்ல குடுன்னு என் மச்சான் அன்புச்செல்வன் குதிக்கறான். குடுத்தா அன்னிக்கே உங்களைத் தூக்கிடுவாங்க. நான் குடுக்கல.

வித்தேன். இல்லைன்னு சொல்லல. கவர்மெண்ட் தடை பண்ண சரக்குன்னும் தெரியும். ஆனா சீல் போட்ட டப்பாவைத்தான் வித்தேன். உள்ள என்ன இருந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த ரோட்டுல விக்கறவன் பத்து பேர் இருக்கான். சந்தோஷ் எனக்குத் தம்பி மாதிரி. அவனுக்குக் கெடுதல் பண்ணுவனா?

கவியரசன்


கரியாலூர்
27.5.2025

கவியரசனுக்கு,

உன் மச்சான் வந்துட்டுப் போனான். சொல்லியிருப்பான்.

முந்தாநாள் காலைல ஸ்டேஷனுக்கு நடந்துக்கினு இருந்தேன். பனி. எதுத்தாப்ல நிக்கற ஆளு தெரியாது. பின்னால வண்டி வந்து நின்னுச்சி. அன்புச்செல்வனும் இன்னும் ரெண்டு பேரும். இரும்புக் குழாய். மொத அடி முட்டியில. விழுந்தப்புறம் விலாவுல வாங்கு வாங்குன்னு வாங்கினானுங்க. ரெண்டு எலும்பு முறிஞ்சிது, உள்ள சுள்ளி ஒடியற சத்தம் எனக்கே கேட்டுச்சி. இது எங்க மாமன் விரலுக்குடா கெழவான்னு சொல்லிச் சொல்லி அடிச்சான். குனிஞ்சான் பாரு, காதைக் கவ்விட்டேன். எழுபத்தஞ்சு வயசானாலும் பல்லு எனக்கு முழுசா இருக்கு. ஒரு துண்டு வாயோட வந்துச்சி. துப்பிட்டு எழுந்து போயி பத்து மணிக்கு ரேகை வெச்சேன். நோட்டுல மை ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம். இன்னா பெரியவரேன்னு ரைட்டர் கேட்டாரு. வழுக்கிட்டேங்கய்யான்னேன். உன் மச்சானைப் போலீஸுக்குக் குடுக்க மாட்டேன். அவனும் எனக்கு வேணும்.

இப்ப நீ எழுதின ______ பொய்க்கு வரேன்.

சீல் போட்ட டப்பாவா? புரட்டாசி ரெண்டாவது சனிக்கெழமை. நான் கொல்லையில உக்காந்து வெத்தலை மடிச்சிக்கினு இருந்தேன். சந்தோஷு அந்தக் குழாயைச் சாய்ச்சிச் சாய்ச்சி வெயில்ல பார்த்துக்கினு இருந்தான். இன்னாடா இதுன்னேன். வாசனை இழுக்கறது தாத்தா, ஆவி புடிக்கறாப்லன்னான். குமிழி எப்பிடி மெதுவா ஏறுது பாரு, சரக்கு கெட்டி, கவியண்ணன் கைச் சரக்குன்னான். பாகு பதம் பாக்கறவன் மாதிரி பாக்கறியேடான்னு நான் சிரிச்சேன். 

கைச் சரக்கு. அவன் சொன்ன வார்த்தை. நான் படிக்காதவன், ஆனா கேட்டதுல ஒரு எழுத்து உதிராது. இன்னிக்கு இருபத்திமூணாவது நாள். உண்மையை எழுது. எழுதினாலும் வருவேன்.

வேடியப்பன்
(இடது பெருவிரல் ரேகை)


உளுந்தூர்பேட்டை
8.6.2025

பெரியப்பாவுக்கு,

மச்சானை நான் அனுப்பல. லெட்டர் மேல இருந்த ஊர் பேரைப் பார்த்துட்டு அவனே வந்திருக்கான். காதுல கட்டோட வந்து நின்னப்பதான் தெரியும். இடது கையால ஓங்கி அறைஞ்சேன். உடம்புல இன்னும் பலம் வரல, நான்தான் தடுமாறி விழுந்தேன்.

உண்மை கேட்டீங்க. எழுதறேன். இதை வெச்சு நீங்க என்ன வேணா பண்ணுங்க.

கைச் சரக்குதான். அந்தக் குழாய்ல ரொப்ப வெளியூர்லேருந்து வர்ற எண்ணெய் தண்ணியா இருக்கும். பசங்க வாங்கறதுக்கு முன்னாடி குழாயைச் சாய்ச்சுப் பார்ப்பானுங்க. குமிழி சட்டுனு ஏறினா, "தண்ணிண்ணே இது"ன்னு அடுத்த கடைக்குப் போயிடுவான். ஆடி அசைஞ்சு ஏறினா நல்ல சரக்கு. அதனால கெட்டியாக்கினேன். மூஞ்சிக்குப் பூசற வைட்டமின் ஈ எண்ணெய், பார்லர் சாமான் கடையில பாட்டில் பாட்டிலா கிடைக்கும். தேன் மாதிரி இருக்கும், வாசனை கிடையாது. மாத்திரையா முழுங்கறாங்க, மூஞ்சியில தடவறாங்க, இழுத்தா மட்டும் என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன். சந்தோஷுக்கு மூணு மாசம் நானேதான் ரொப்பிக் குடுத்தேன். தெரிஞ்ச பையன்னு இன்னும் கொஞ்சம் கெட்டியாவே.

என் கைக்குக் கட்டு மாத்தற ஆஸ்பத்திரியிலதான் அவனைப் பார்த்த டாக்டரும் இருக்கார். போய்க் கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். நாலு தடவை போனப்புறம் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார். நெஞ்சுக்குள்ள கோடிக்கணக்குல பொடிப் பொடி அறை இருக்குதாம், குமிழி மாதிரி. ஒவ்வொரு குமிழிக்கும் உள்பக்கம் வழவழன்னு மெல்லிசா ஒரு படலம். மூச்சை விடறப்ப குமிழி சுருங்கும். அப்ப சுவரும் சுவரும் ஒட்டிக்காம காக்கறது அந்தப் படலம்தான். நான் கலந்த எண்ணெய் புகையோட உள்ள போய் அந்தப் படலத்துக்குள்ளயே கலந்துடுதாம். படலம் இளகிப் போயிடும். குமிழி ஒண்ணொண்ணா அமுங்கிடும், மறுபடி திறக்காது. "காத்து இருக்குது, வாங்க இடம் இல்ல, அப்படிச் செத்தான்"னு சொன்னார். என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அப்ப வெல்லம் காய்ச்சற கொப்பரைதான் ஞாபகம் வந்துது. கரும்புப் பால் கொதிச்சு நுரை விளிம்பைத் தாண்டறப்ப, அப்பா "அண்ணே!"ன்னு கத்துவார். நீங்க ஓடி வந்து விரலை விளக்கெண்ணெயில தொட்டு ஒரே ஒரு சொட்டு விடுவீங்க. அவ்வளவு நுரையும் அப்படியே படுத்துடும். நான் கை தட்டுவேன்.

இன்னொண்ணும் எழுதணும். செத்தப்புறம் அவன் நெஞ்சுல எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தாங்க. அவன் சாவுக்கு என் மேல போட்ட கேஸுக்காக அந்த அறிக்கை என் வக்கீல் கைக்கு வந்திருக்கு. என் எண்ணெய் இருந்துது. அது கூட வேற எண்ணெயும் இருந்துது. விளக்கெண்ணெய். அது புகையா போனதில்ல, ஊத்தினதுன்னு எழுதியிருக்காங்க. குடிக்கறப்ப புரையேறி, வலது பக்கம் அடியில தேங்கி நின்னுதாம்.

வக்கீலுக்கு ஒரே சந்தோஷம், தப்பிச்சே கவின்னு முதுகுல தட்டினார், வெட்டுப்பட்ட இடத்துலயே. ஜூலை பத்தாம் தேதி கோர்ட்ல படிக்கப் போறார். கலையரசி அக்கா அங்க உக்காந்திருப்பாங்க.

நான் விளக்கெண்ணெய் கலக்கல பெரியப்பா. வேற யாருன்னு எனக்கு ஒரு நினைப்பு வருது. எழுதக் கை வரல. நீங்களே சொல்லுங்க.

கவியரசன்


கரியாலூர்
16.6.2025

டேய்.

இன்னொரு வாட்டி அந்த எண்ணெ பேரை எழுதின, வூட்டோட வெச்சிக் கொளுத்துவேன். நீ, உன் சம்சாரம், அந்தக் காதறுந்த ______, எல்லாரும்.

கொலையைப் பண்ணிட்டு வக்கீலை வெச்சி என் தலையில போடறியா? ஒரு சொட்டுல யாராவது செத்திருக்கானா? அறிக்கை எழுதினவன் அன்னிக்கு என் வூட்ல இருந்தானா? நான் இருந்தேன். நான் பார்த்தேன். அவன் நுரை அடங்கிச்சிடா. அடங்கினதை நான் பார்த்தேன்.

நாப்பத்திமூணாவது நாள். இருமினா விலா குத்துது. அது ஆறிடும். உனக்கு ஆறாது.

தெய்வசிகாமணி பேனாவை வெச்சிட்டு என்னையே பாக்கறான். எழுதுடா ______ன்னேன். இதுக்கு மேல எழுத மாட்டேன் பெரியவரேங்கறான்.

(இடது பெருவிரல் ரேகை)


உளுந்தூர்பேட்டை
25.6.2025

பெரியப்பாவுக்கு,

கொளுத்துங்க. ஆனா அதுக்கு முன்னாடி இதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க.

நேத்து கலையரசி அக்கா வந்தாங்க. கடை பூட்டிக் கிடக்குதுன்னு வீட்டுக்கே வந்துட்டாங்க. வாசல்லயே செருப்பைக் கழட்டினாங்க. உள்ள வரத்தான் கழட்டறாங்கன்னு நான் வழி விட்டேன். மூஞ்சிலயே அடிச்சாங்க. எண்ணல. உதடு கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். என் சம்சாரம் ஓடி வந்தா, நான் கிட்ட வராதேன்னு கை காட்டினேன். அடிச்சு ஓய்ஞ்சு அங்கயே படியில உக்காந்துட்டாங்க.

அப்புறம் கேட்டாங்க. "நான் தண்ணிக் குடத்தோட உள்ள வரேன், எம்புள்ள சட்டைக் காலரெல்லாம் எண்ணெ. காதுல, முடியில எல்லாம் எண்ணெ. சொவுத்துல காரை பேந்து கெடக்குது. அப்பா மூலையில நின்னுக்கினு நுரை நின்னுடுச்சி நுரை நின்னுடுச்சிங்கறாரு. இன்னாடா நடந்துது? உங்க வக்கீலுக்கு ஏதோ தெரியுமாமே?"

எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கான்னு சொன்னேன். நீ எப்பவும் பொய்தான்டா சொல்லுவன்னு இன்னொரு அடி குடுத்துட்டுப் போயிட்டாங்க.

பத்தாம் தேதி வக்கீல் வாயால கேக்கறதும் உங்க வாயால கேக்கறதும் ஒண்ணு இல்ல. என் பாதியை நான் உங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்ககிட்டயும் சொல்லுவேன். இன்னொரு பாதி உங்களுது.

இடது கை இங்கதான் இருக்கு. நீங்க வந்தாலும் ஓட மாட்டேன்.

கவியரசன்


கரியாலூர்
4.7.2025

கவியரசனுக்கு,

இதுல கோடு கெடையாது. திட்டறதுக்கு ஆள் மாறிப் போச்சி.

தெய்வசிகாமணி எழுதறதுக்கு முன்ன கேட்டான், இதை எழுதினா கேஸு உங்க மேல திரும்பும், தெரியுமான்னு. தெரியும், நான் சொல்றாப்லயே எழுதுன்னேன்.

அம்பது வருஷமா கொப்பரைகிட்ட நின்னவன் நான். நுரையைப் பார்த்தா என் கை தானா எண்ணெய்க்குப் போவும். யோசனை கெடையாது. அன்னிக்கு அவன் வாயில நுரை பொங்கிக்கினே இருந்துச்சி. உள்ள எங்கியோ கொதிக்கிதுன்னு நெனச்சேன். மாடத்துல விளக்கெண்ணெ புட்டி. கொப்பரைக்கு ஒரு சொட்டு. மனுஷ ஒடம்பாச்சே, ஜாஸ்தி வேணும்னு ரெண்டு கரண்டி ஊத்தினேன்.

"வாணாந் தாத்தா"ன்னான். "படுக்க வெக்காத, உக்காந்தாதான் கொஞ்சமாச்சும் மூச்சு வருது"ன்னான். மல்லாக்கப் படுக்க வெச்சேன். நெஞ்சு மேல முட்டியைக் குடுத்தேன். இடது கையால மூக்கைப் புடிச்சேன், வலது கையால ஊத்தினேன். காலால சொவுத்தை ஒதைச்சான். காரை பேந்து விழுந்துச்சி. புடிவாதம்னு நெனச்சேன். சின்னப் புள்ளையில பேதி மருந்து குடுக்கறப்பவும் இப்பிடித்தான் ஒதைப்பான். முழுங்குடான்னு கன்னத்துல ஒண்ணு வுட்டேன். என் பேரன் என்கிட்ட கடைசியா வாங்கினது அதுதான். பொரை ஏறிச்சி. மாரு எகிறிச்சி. கண்ணு ரெண்டும் என்னையே பார்த்துச்சி. அப்பறம் நுரை அடங்கிச்சி.

நான் சிரிச்சேன் கவியரசா. ஜெயிச்சிட்டேன்னு சிரிச்சேன்.

பதினோரு நாள் கழிச்சி உன்னை வெட்ட வந்தப்ப இது எனக்குத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா டாக்டரு எண்ணென்னு சொன்னப்ப மாடத்துப் புட்டி ஒரு தரம் கண்ணுல வந்து போச்சி. அது இன்னான்னு திரும்பிப் பாக்காம கத்தியை எடுத்துட்டேன். ஒண்ணு திரும்பிப் பாக்கணும், இல்ல வெட்டணும். வெட்டறது சுளுவா இருந்துச்சி.

நீ மூணு மாசம் ஊத்தின. நான் ஒரு வாட்டி ஊத்தினேன். எது அவனைக் கொன்னுச்சின்னு டாக்டரைக் கேக்காத. கேட்டு எனக்கு வந்து சொல்லவும் சொல்லாத. உன்னை மன்னிச்சிட்டேன்னும் நெனச்சிக்காத. இடது கையை வுட்டுட்டேன், அவ்ளோதான்.

பத்தாந்தேதி கோர்ட்டுல ஜட்ஜய்யா மூஞ்சியைப் பார்த்து நானே சொல்றேன். உன் வக்கீலு வாயைத் தொறக்க வேணாம். ஆனா அதுக்குள்ள கலையரசிக்குத் தெரியணும். அவ மூஞ்சியைப் பார்த்து என்னால முடியாது. நீ நைனார்பாளையம் போ. இதைப் படிச்சிக் காட்டு. உன் பாதியையும் சொல்லு. கையில கெடைச்சதால அடிப்பா. நில்லு. எனக்கும் மிச்சம் வெக்கச் சொல்லு.

இன்னிக்கு அறுபத்தோராவது நாள். மொத பஸ்ஸு ஆரன் அடிச்சிக்கினு எறங்கிச்சி. நான் ஏறல. பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். நேத்தோட முடிஞ்சிது பெரியவரே, சந்தோஷமா எறங்கிப் போங்கன்னாரு ரைட்டர். இன்னிக்கும் வெச்சிடறேங்கய்யான்னு கையை நீட்டினேன். சிரிச்சிட்டு நோட்டை மூடிட்டாரு.

நீட்டின கையை எங்க வெக்கறதுன்னு தெரியல. அதான் தெய்வசிகாமணியை மை தடவச் சொன்னேன். உன் பெருவிரலை எடுத்துட்டேன், என்னுது இன்னும் எங்கிட்டதான் இருக்கு. கலையரசிகிட்ட கடைசியில இதையும் காட்டு. எம்புள்ள மூக்கைப் புடிச்ச வெரலு இதுதான்.

(இடது பெருவிரல் ரேகை)